ரோவீனா இழுத்தடித்த ஹோவர்கிராஃப்ட்

வேலையை இழுத்தடிப்பதென்றால் ரோவீனா காஸ்கின்ஸுக்கு அறவே பிடிக்காது. முப்பது வருஷத்துக்கு மேல் அமெரிக்கக் கடற்கரை ஊரான நார்ஃபோக்கில் ஒரு பல் செய்யும் கூடத்தில் பொய்ப்பல்லுக்கு நிறம் கொடுத்தவள். காபி குடிக்கிறவன் பல், சுருட்டுப் பிடிக்கிறவன் பல், தேவாலயத்தில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள் பல் என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் மஞ்சள் உண்டு. எந்தப் பல் அம்மா கொடுத்தது, எது ரோவீனா கொடுத்தது என்று பல்லுக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது. சொன்ன நாளில் பல் தயாராக இருக்கும். அப்படிப்பட்டவள் ஒரு சின்னப் பொம்மை ஹோவர்கிராஃப்ட்டைக் குளிர்காலத்தில் ஆரம்பித்து ஜூலை வரைக்கும் ஜவ்வு மாதிரி இழுத்தாள் என்றால், அதற்குக் காரணம் இருக்கத்தானே வேண்டும்.

பொம்மைக் கப்பல் கட்டும் வேலை அவளுக்கு வந்து வாய்த்ததே புருஷன் புண்ணியத்தில். டேரல் கடற்படைக்காரன். கடைக்குப் போகும்போதெல்லாம் பொம்மைக் கப்பலின் உதிரிப் பாகங்கள் அடைத்த ஒரு பெட்டி வாங்கிவந்து கட்டிலுக்கடியில் அடுக்குவான். இந்தப் பித்துப் பிடித்தவர்கள் எல்லாருமே அப்படித்தான், ஏழு ஜென்மத்துக்குக் கட்டினாலும் தீராத பெட்டிகளை வாங்கிக் குவித்துவிட்டு ஒன்றையும் திறக்க மாட்டார்கள். அந்த டேரல் நாட்டின் மறுகோடியில் சான் டியேகோவுக்கு மாற்றலாகிப் போனபோது, “போகாத, என்னை விட்டுட்டுப் போகாத” என்று ரோவீனா வாசலில் நின்று கெஞ்சினாள். போய்விட்டான். பெட்டிகளையும் விட்டுவிட்டுப் போனான். ஒன்றைக் கட்டி முடித்துக் காலால் மிதித்துத் தூளாக்கலாம் என்று ஆத்திரத்தில்தான் முதல் பெட்டியைத் திறந்தாள். முடித்த பிறகு மிதிக்க மனம் வரவில்லை.

பிறகு அதுவே தொழிலாகிவிட்டது. கடற்படைத் தளத்தை ஒட்டிய ஊர் இது. யாராவது ஓய்வு பெற்றால், கூட இருந்தவர்கள் சேர்ந்து அவர் ஓட்டிய கப்பலையே பொம்மையாகச் செய்து கையில் கொடுத்து அனுப்புவது இங்கே வழக்கம். அந்தப் பொம்மை ரோவீனா கையால் வந்ததென்றால் ஆணி வைத்த இடம்கூடத் தவறாது என்று பேர் பரவிவிட்டது.

வெண்டல் ஸ்டக்கி அந்த வழியில்தான் வந்தார். லிட்டில் க்ரீக் தளத்தில், அடியில் காற்றை அடைத்துக்கொண்டு தண்ணீரிலும் தரையிலும் வழுக்கிப் போகும் ஹோவர்கிராஃப்ட்டை ஓட்டும் சீஃப், கடற்படையில் அனுபவப்பட்ட மூத்த பதவி. ஜூலையில் ஓய்வு. அவருடைய குழுவினர்தான் பொம்மைக்குச் சொல்லியிருந்தார்கள். விவரம் தெரிந்தவர் அவர்தான் என்று அவரையே அனுப்பியும் விட்டார்கள். உயரமான மனிதர், இயந்திர இரைச்சலில் ஒரு காது மந்தமாகிப் போனவர். வாசலில் கால்மிதியில் காலை வெகுநேரம் துடைத்தார்.

ஹோவர்கிராஃப்ட் கேட்டு வருகிறவர்களிடம் ரோவீனா முதலில் கேட்பது ஒன்றுதான்.

“பறக்கற மாதிரி வேணுமா, உக்காந்திருக்கற மாதிரியா?”

“எது உங்களுக்குக் கஷ்டம், மிஸ் ரோவீனா?”

“உக்காந்திருக்கறதுதான். அடியைச் சுத்தித் தொங்கற ரப்பர் பாவாடை, பெட்டியில வர்றப்ப காத்து அடைச்சு உப்பின மாதிரிதான் இருக்கும். காத்து போனா அது எப்படி மடிஞ்சு விழும்னு நானே கையால செய்யணும்.”

“அப்போ பறக்கட்டும். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?”

அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் வேலை ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். போகவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி அவராகவே பேச்செடுத்தார். மாசக்கணக்கில் கடலில் இருந்துவிட்டுத் திரும்பும் நாளில், தண்ணீரையும் மணலையும் வாரி இறைத்துக்கொண்டு ஹோவர்கிராஃப்ட் கரையேறி, சிமெண்டுத் தரையில் வந்து நிற்கும். காற்றை விட்டதும் பாவாடை தொப்பென்று தரையில் சரியும்.

“அது ஒரு பெருமூச்சு மாதிரி இருக்கும். அப்புறம்தான் எஞ்சின் அடங்கும். அடங்கினதும் தடுப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கற பொண்டாட்டி புள்ளைங்க கூப்பிடற சத்தம் கேக்கும். பசங்கல்லாம் ஓடுவானுங்க.”

“நீங்க?”

“என் வீட்டுக்காரி தவறிப் போய் பத்து வருஷமாச்சு. நான் அந்த நேரத்துல இறங்குபலகையைச் சரிபாக்கற மாதிரி எதையாவது நோண்டிட்டு நிப்பேன். பலகைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது.”

ரோவீனா, “உக்காந்த மாதிரியே செஞ்சு தர்றேன் சீஃப்” என்றாள். வம்பை அவளேதான் விலைக்கு வாங்கினாள்.

அந்தப் பாவாடை லேசுப்பட்டதில்லை. காய்ந்தால் இறுகும் பசைமாவை முகப்பவுடர் தூவி மாவு தேய்ப்பதுபோல் மெல்லத் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் பல் செதுக்கும் ஊசியால் ஒவ்வொரு மடிப்பாகத் தள்ளிவிட வேண்டும். மடிப்பு ஒரே சீராக விழுந்தால் ஜன்னல் திரை மாதிரி ஆகிவிடும். சரியாகத்தான் வருகிறதா என்று கேட்க ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவரை வரச் சொன்னாள். அது நியாயமான கேள்வி. அடுத்த செவ்வாய் கேட்டது அவ்வளவு நியாயமில்லை. மேல்தளத்தின் சாம்பல் நிறம் எவ்வளவு கருப்பு என்றாள். அந்த நிறத்தை அவள் தூக்கத்தில்கூடக் கலப்பாள். அதற்கடுத்த செவ்வாய் கப்பலைத் தள்ளும் பின்பக்க விசிறிகளின் முனையில் எத்தனை வண்ணப் பட்டை என்றாள். அதற்கான போட்டோ அவள் தலைக்கு மேலே சுவரில்தான் ஒட்டியிருந்தது.

அவர் வந்துகொண்டிருந்தார். வேகவைத்த வேர்க்கடலை ஒரு பை, சில நாள் உயிர் நண்டு. ரோவீனா பிஸ்கட் சுட்டு உள்ளே உப்புப் பன்றிக்கறி வைத்து அடுக்குவாள். இடுப்பு எலும்பு மாற்றிக்கொண்டு தங்கையோடு வந்து தங்கியிருந்த அக்கா ஓப்பல் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடுப்புதான் போனது, கண்ணும் வாயும் நன்றாகவே இருந்தன.

“ஏண்டி ரோ, அந்த மனுஷன்கிட்ட செல்போன் இருக்கில்ல? ஒரு போட்டோ புடிச்சிட்டு வாங்கன்னா தீந்துது. அதுக்கு வாரா வாரம் பிஸ்கட் சுடணுமா?”

“போட்டோல நிறம் சரியா வராதுக்கா.”

“ஆமாமா. நிறமெல்லாம் உன் மூஞ்சிலதான ஏறுது.”

“வாய மூடுக்கா. அவர் காதுல விழப் போகுது.”

“விழாது. அவருக்கு ஒரு காது கேக்காதுன்னு நீதானே அளந்து வச்சிருக்க.”

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருட்டு என்று நினைக்குமாமே, ரோவீனாவும் அப்படித்தான் இருந்தாள். போட்டோ என்ற வார்த்தையை அவர் முன்னால் எடுக்கவே மாட்டாள். அவரும் ஒருநாள்கூட ஒரு போட்டோ கொண்டுவந்ததில்லை. அது ஏன் என்று அவள் யோசிக்கவில்லை.

ஜூலைக்குப் பிறகு அவர் நெப்ராஸ்கா போகிறார் என்பது மே மாதம் தெரிந்தது. மருமகன் ராணுவத்தில் வெளிநாட்டில் இருந்தான். மகள் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு தனியாக அல்லாடினாள். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

“அங்க கடல் ஏது சீஃப்?”

“மக்காச்சோளம்தான் அலையடிக்கும்னு பொண்ணு சொல்றா.”

ரோவீனா சிரித்தாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். பொம்மை முடிந்தால் செவ்வாய்க்கிழமை முடிந்தது, பொம்மை முடியாவிட்டாலும் ஜூலை வரத்தான் போகிறது. போகாதீர்கள் என்று சொல்லலாம். ஆனால் அந்த வார்த்தையை ஒருமுறை வாசலில் நின்று சொல்லிப் பார்த்தவள் அவள். தன் வாய்க்கு அது ராசியில்லை என்று முடிவு கட்டியிருந்தாள். தவிர, இரண்டு பச்சைப் பிள்ளைகளிடம் போகிற தாத்தாவைப் போகாதே என்று சொல்ல அவள் யார்?

சொல்ல முடியாததற்குப் பதிலாகக் கேள்வி கேட்டாள். ஓட்டுநர் அறையின் ஜன்னலுக்குக் கீழே குழுவின் சின்னமாக ஒரு கூழைக்கடா வரைந்திருக்கும். போட்டோவில் பார்த்து அதை ஏற்கெனவே முன்பக்கம் பார்க்கும்படி வரைந்து முடித்திருந்தாள். ஆனாலும் கேட்டாள்.

“கூழைக்கடா முன்னாடி பாக்குதா சீஃப், பின்னாடியா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பொம்மையை வெளிச்சத்தில் தூக்கி வெகுநேரம் பார்த்தார்.

“பின்னாடி.”

“போட்டோல முன்னாடிதான பாக்குது?” நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அது பழைய போட்டோ. போன வருஷம் புதுசா வரைஞ்சாங்க.”

சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னப் பறவை. தேய்த்து அழித்து, திரும்ப வரைந்து, அடுத்த செவ்வாய் காட்டினாள். இப்போது விசிறியைச் சுற்றிய வளையத்தில், ஓட்டை அடைத்த ஒட்டுத்தகடு இருப்பது இடதுபக்கம் இல்லை, வலது என்றார். அதையும் பிய்த்து மாற்றினாள். பிறகு ஏணிப்படிக்கு மஞ்சள் இல்லை, சாம்பல் என்றார். பாவம், இரைச்சல் காதை மட்டுமில்லை, ஞாபகத்தையும் தின்றுவிட்டதோ என்று அவளுக்குக் கவலையாகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு செவ்வாய் கிடைத்ததே என்று உள்ளுக்குள் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஜூலை வந்தது. விழாவைத் தளத்தின் சிமெண்டுத் தரையில், அந்த ஹோவர்கிராஃப்ட்டின் நிழலிலேயே வைத்திருந்தார்கள். ரோவீனாவை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். இத்தனை மாதமாகக் கையில் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் நிஜமாகப் பார்க்கிறாள். காற்றிறங்கிய கருப்புப் பாவாடை தரையில் சரிந்து கிடந்தது. மடிப்புகளைப் பார்த்தாள். ஏறக்குறைய தான் தள்ளிவிட்ட மாதிரியேதான் விழுந்திருந்தன. நெஞ்சு நிறைந்தது. அப்படியே கண்ணை மேலே உயர்த்தினாள்.

கூழைக்கடா முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

போன வருஷம் வரைந்ததாமா? அந்தப் பெயிண்ட் ஐந்தாறு வருஷ வெயிலையும் உப்பையும் குடித்து வெளிறிப் போயிருந்தது. பல்லின் வயதைப் பார்த்துச் சொல்கிறவளிடம் அது மறையுமா? பின்னால் பார்த்தாள். ஒட்டுத்தகடு இடதுபக்க வளையத்தில் இருந்தது. ஏணிப்படி நல்ல மஞ்சள்.

முதலில் காது மடல் சுட்டது. இத்தனை பேர் முன்னால், தன் கை வேலையில் மூன்று தப்பு. மனுஷன் இப்படியா மறப்பார் என்று கோபம் வந்தது. பிறகு மேடையில் விறைப்பாக நிற்கும் வெண்டலைப் பார்த்தாள். ஆறு வருஷம் தினமும் அந்த ஏணியில் கால் வைத்து ஏறி, அந்தப் பறவையைத் தாண்டி உள்ளே போனவர். மறதியாவது மண்ணாங்கட்டியாவது.

குழுவின் மெக்கானிக் பெண் பொம்மையின் மேலிருந்த துணியை எடுத்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் குனிந்து பார்த்தாள்.

“சீஃப், நம்ம பறவை பின்னாடி திரும்பிப் பாத்துட்டிருக்கு.”

கூட்டம் சிரித்தது. “எனக்கு அப்படித்தான் ஞாபகம்” என்றார் வெண்டல். அவர் கழுத்து சிவந்துவிட்டது.

கடற்படை வழக்கப்படி மணி அடித்தது, ஊதல் ஒலித்தது. ஓய்வு பெறுகிறவர் கடைசியாகக் கேட்பதுபோல் கரைக்குப் போக அனுமதி கேட்டார், கிடைத்தது. சல்யூட் அடித்து நின்ற இரண்டு வரிசைக்கு நடுவே நடந்து வந்தார். கேக் வெட்டும் மேஜையருகே ரோவீனா அவரைப் பிடித்துவிட்டாள்.

“மூணு தப்பு இருக்கு சீஃப்.”

“தெரியும்.”

“மூணும் நீங்க சொன்னது.”

“தெரியும், மிஸ் ரோவீனா.”

“ஏன்?”

அவர் கேக் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் உங்க சுவத்துல ஒட்டியிருந்த போட்டோலயே இருந்துச்சு. நீங்க எதுக்குக் கேட்டீங்களோ, நானும் அதுக்குத்தான் சொன்னேன்.”

ரோவீனாவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. அதற்குப் பதிலாகக் கேக்கில் இன்னொரு துண்டை வெட்டி அவர் தட்டில் வைத்தாள். வண்டியில் சாமான் ஏற்றியாகிவிட்டது, விடிந்தால் கிளம்புகிறேன் என்றார் அவர். பொம்மையைக் கண்ணாடிப் பெட்டியோடு எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“சரி பண்ணி வைங்க.”

அவர் போன மறுநாள் ரோவீனா மேஜையில் உட்கார்ந்தாள். ஓப்பல் டிவியை அணைத்துவிட்டாள், ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. பறவை திரும்பியது, தகடு இடம் மாறியது, ஏணிக்கு மஞ்சள் ஏறியது. மாதக்கணக்கில் நடந்த வேலை ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிட்டது. பெயிண்ட் நன்றாகக் காயட்டும் என்று இரண்டு நாள் விட்டாள். பிறகு நெப்ராஸ்காவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் ஒரு பிள்ளை எதற்கோ அழுதுகொண்டிருந்தது.

“முடிஞ்சிடுச்சு சீஃப்.”

“அதுக்குள்ளயா?”

“ஒரு மத்தியான வேலைதான். எப்பவுமே ஒரு மத்தியான வேலையாத்தான் இருந்துச்சு.”

அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார் போலிருக்கிறது, அழுகை போனுக்குப் பக்கத்தில் வந்து அடங்கியது.

“தபால்ல அனுப்பட்டுமா?” கேட்டுவிட்டு ரோவீனா கண்ணை மூடிக்கொண்டாள்.

“வேண்டாம். வழியில உடைஞ்சிடும். இவங்க அப்பா திரும்பி வர நவம்பர் ஆகும். வந்ததும் நானே வந்து எடுத்துக்கறேன். அப்புறம், நான் இப்ப சீஃப் இல்ல.”

குவாமுக்கும் ஜப்பானுக்கும் பொம்மைக் கப்பல்களைப் பஞ்சு சுற்றி அனுப்பியவள், அனுப்பியதில் ஒரு கொடிமரம்கூட முறிந்ததில்லை என்று பேர் வாங்கியவள், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ஆமா வெண்டல்” என்றாள். “கண்டிப்பா உடைஞ்சிடும்.”