ஒரு பைக்கு ஒரு பூச்சி

கோட்டு யாருடையது, என்ன துணி, எங்கே கறை என்பதெல்லாம் அப்புறம்தான். கூடை உள்ளே வந்ததும் நம்பரக்காவின் வலது கையின் இரண்டு விரல்கள் நேராக இடது உள்பைக்குள் போய்விடும். "வெளிப்பையில ஒண்ணும் இருக்காது. அத வீட்டுலயே துழாவிடுவாங்க. இந்த உள்பைய மட்டும் யாரும் நெனைக்க மாட்டாங்க," என்பார். பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு, பாதி தின்ற மிட்டாய், பல்குத்தும் குச்சி, ஒரு தடவை முழுசாக ஒரு பல்செட்டு. எது வந்தாலும் முகம் சுளிக்காமல் உறையில் போட்டு, துணியின் நம்பரையே உறையின் மேலும் எழுதிவிட்டுத்தான் அடுத்த துணியைத் தொடுவார்.

அந்தச் சலவைக்கடையில் பதினெட்டு வருடமாக அவருக்கு இதுதான் வேலை. வருகிற துணிக்கெல்லாம் நம்பர் துண்டு கட்ட வேண்டும். அதனால்தான் நம்பரக்கா. முதலாளி முதல் இஸ்திரி போடுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் நம்பரக்காதான். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று துணியை உதறிக்கொண்டே நிற்பார்.

உறையில் போட்டது எல்லாம் வாடிக்கையாளரிடம் திரும்பிப் போய்விடும். வெளிநாட்டுக் காசு மட்டும் போகாது. "இத வச்சு நான் என்ன பண்ண? நீங்களே வச்சுக்கங்க," என்று தள்ளிவிடுவார்கள். அக்கா விடமாட்டார். "வச்சுக்கறேன். ஆனா எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லிட்டுப் போங்க." காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு வந்தவர்கூட ஐந்து நிமிடம் நின்று சொல்லிவிட்டுத்தான் போவார். சொல்லும்போது அக்கா போனை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார், குரல் பதிவாகட்டும் என்று. அப்படிக் கேட்டு வாங்கிய காசுகள் இருநூற்றுப் பதினான்கு. கேட்காமல் எடுத்தது ஒன்றுகூடக் கிடையாது. அந்த விஷயத்தில் ஆள் படு கறார்.

அக்காவின் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். "வீட்டுல நல்ல துணி வைக்கவே எடமில்ல, செல்லாக் காசுக்கு அலமாரியா?" என்று நாளுக்கு ஒரு தடவையாவது கேட்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கேட்ட கையோடு பிளைவுட்டில் தட்டு செய்து, காசு வைக்கும் அட்டைகளின் அளவுக்குப் பள்ளம் வெட்டி, ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்ததும் அவர்தான். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

அக்காவுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. காசு சேர்ப்பவர்கள் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை நூலக மாடியில் கண்காட்சி வைக்கும். அதில் ஒரு மேசை, ஒரே ஒரு மேசை, தனக்கும் கிடைக்க வேண்டும். அது கிடைத்தால் இது சேகரிப்பு. கிடைக்காவிட்டால் கணவர் சொல்வதுபோல் வெறும் செல்லாக் காசு.

முதல் வருடம் அவர் செய்த காரியத்தைச் சலவைக்கடை ஆள் மட்டும்தான் செய்ய முடியும். காசுகளைத் துவைத்துவிட்டார். கறை எடுக்கும் திரவத்தில் ஊறவைத்து, பட்டுக்கென்று வைத்திருக்கும் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளைத் துணியில் துடைத்து, எழுபது காசுகளைக் கண்ணாடி மாதிரி மினுக்கிக்கொண்டு போனார். சங்கத்தின் செயலாளர் தொழிலில் பல் டாக்டர். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தவருக்கு முகம் செத்துவிட்டது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? பழைய காச யாராவது கழுவுவாங்களா?"

"அழுக்கா இருந்துச்சே சார்."

"அந்த அழுக்குதாம்மா அதோட வயசு!"

அந்த வருடம் மேசை இல்லை. மறுவருடம் சங்கம் இன்னொரு விதியை நீட்டியது. ஒவ்வொரு காசுக்கும் அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு பக்கத்தில் இருக்க வேண்டும். அக்காவிடம் இல்லாத குறிப்பா? துணித்துண்டு மாதிரி நீள நீளமாக எழுதி, மடித்து மடித்து ஒட்டிக்கொண்டு போனார். பல் டாக்டர் தட்டின் மேல் குனிந்தார். "காசு எங்கம்மா? காகிதம்தான் தெரியுது." அந்த வருடமும் இல்லை.

வழி கடைக்குள்ளேயே வந்து சேர்ந்தது. முதலாளி ஒரு சின்ன பிரிண்டரை வாங்கிவந்து, இனிமேல் நம்பரோடு கியூஆர் கோடும் துண்டில் இருக்கும் என்றார். போனைக் காட்டினால் போதும். துணி யாருடையது, எங்கே கறை, எந்தப் பொத்தான் போயிருக்கிறது, எல்லாம் படத்தோடு வந்துவிடும். இஸ்திரிக்காரர் "எனக்கு இந்தக் கட்டமெல்லாம் ஆகாது" என்று அலுத்துக்கொண்டார். அக்காவோ கறுப்பும் வெளுப்புமாக நெளிந்த அந்தச் சதுரத்தை விரலில் வைத்துக்கொண்டு, தேநீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏன் முதலாளி, இத்தனூண்டு பூச்சிக்குள்ள அவ்ளோ கதை அடங்குதா?" அன்றிலிருந்து அது பூச்சிதான்.

முதலாளியிடம் கேட்டு, ரோல் தீரும்போது மிஞ்சுகிற நாடாவை வாங்கி வந்தார். ஏழு மாதம், எல்லா ஞாயிறும். காசின் இரண்டு பக்கமும் படம் பிடிப்பார், எடை பார்ப்பார், குறுக்களவு எடுப்பார், பிறகு ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதுவார். காசைப் பற்றி நான்கு வரி என்றால் துணியைப் பற்றி ஆறு வரி இருக்கும்: "சாம்பல் நிற நீளக் கோட்டு, லைனிங் கிழிசல், இடது உள்பை, காலரில் மசிக்கறை." துவைத்த எழுபதையும் மறைக்கவில்லை. "என் அறியாமையால் கழுவப்பட்டது" என்று ஒவ்வொன்றிலும் எழுதி, தேதியும் போட்டார். முதலில் அடித்த பூச்சிகள் பொட்டு அளவில் இருந்ததால் எந்தப் போனும் படிக்கவில்லை. நாற்பதைக் கிழித்துப்போட்டுவிட்டு, கட்டைவிரல் அகலத்துக்கு மறுபடி அடித்தார்.

கண்காட்சிக்கு முதல் நாள் கணவரிடம் சொன்னார்: "இந்தத் தடவையும் வேணாம்னுட்டா, மூடிடறேங்க. தூக்கிப் பரண்ல போட்டுடுங்க." செல்லாக் காசு என்ற வார்த்தை அன்றைக்குக் கணவர் வாயிலிருந்து வரவில்லை.

பத்து மணிக்கு வாசல் திறக்கும். அதற்குள் செயலாளர் ஒவ்வொரு மேசையாகப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பல் டாக்டர் கோட்டும் டையுமாக வந்தார். நடுவில் ஓட்டை போட்ட காசின் பூச்சியைப் போனால் பார்த்தார். பக்கம் திறந்தது. பறவை பொறித்த காசைப் பார்த்தார். அதே பக்கம். பன்னிரண்டு மூலைக் காசு. அதே பக்கம்.

"அம்மா, இந்தக் காசுக்கெல்லாம் ஒரே கோட ஒட்டிட்டீங்க. காசு இருநூத்திப் பதினாலு, கோடு நூத்தி முப்பத்தொண்ணுன்னு படிவத்துல பார்த்தப்பவே நெனைச்சேன். தப்பாயிடுச்சு."

கணவரின் கை தட்டின் மூடியைத் தேடியது. அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"தப்பில்ல சார். அந்த வரிசையில இருக்கற ஏழு காசும் ஒரே பையில வந்தது."

"அதுக்கு?"

"எங்க கடையில ஒரு வீட்டுத் துணிக்கு ஒரு நம்பர்தான் சார். பிரிச்சுப் போட்டா ஒரு சாக்ஸ் இங்க கெடக்கும், ஒண்ணு அங்க கெடக்கும். அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் சேராது. ஒரு பைக்கு ஒரு பூச்சி."

"நாங்க நாடு வாரியா, வருஷ வாரியா பிரிச்சுத்தாம்மா..."

"கீழ முக்கோணம் ஒண்ணு இருக்கு பாருங்க. அத அமுக்குங்க."

அமுக்கினார். கரகரத்த ஒரு ஆண் குரல் வந்தது. கப்பலில் சமையல் பார்த்தவர் அவர். "ஓட்டைக் காசா? அது மழையில மாட்டிக்கிட்டு, குடை வாங்கினதுல மீதி. பறவை போட்டது பொண்ணுக்குப் போன் போட மாத்தினது. லைன் கெடைக்கல, காசு தங்கிடுச்சு. இந்தப் பன்னெண்டு மூலை சீட்டாட்டத்துல வந்தது, அதுக்கப்புறம் நான் ஜெயிக்கவேயில்ல. இந்தக் கோட்டத்தான் கடைசி நாள் போட்டிருந்தேன். அப்புறம் கப்பல் ஏறல."

டாக்டர் இன்னொரு தடவை அமுக்கினார். பிறகு பக்கத்துத் தட்டுக்கு நகர்ந்தார். அங்கே தனியாக இருந்த ஒரு வெள்ளிக் காசின் பூச்சியிலிருந்து ஒரு பெண் பேசினாள்: "பூ விழுந்தா கல்யாணம்னு இந்தக் காசச் சுண்டினோம். பூ விழுந்துச்சு. இனிமே இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க." டாக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்ததில்லை என்று சங்கத்தில் எல்லோரும் சொல்வார்கள்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்கிட்ட நாலாயிரம் காசு இருக்கும்மா. வருஷம் தெரியும், எடை தெரியும், உலோகம் தெரியும். ஒண்ணாவது யார் பையில கெடந்துச்சு, எது கூடக் கெடந்துச்சு... தெரியாது. நானே பிரிச்சுட்டேன்." சொல்லிவிட்டு, மூலையில் இருந்த அக்காவின் மேசையின் ஒரு முனையைத் தானே பிடித்துத் தூக்கினார். மறுமுனையைக் கணவர் பிடித்தார். மேசை வாசலுக்கு நேர் எதிரே வந்தது.

கதவு திறந்த அரை மணி நேரத்தில் வரிசை படிக்கட்டு வரை போய்விட்டது. மாடி முழுக்கப் போன்கள் பேசின. ஒரு மூலையில் லாரி ஓட்டுநர், ஒரு மூலையில் நர்ஸ், நடுவில் சீட்டாட்டத்தில் தோற்றுக்கொண்டே இருந்த கப்பல் சமையல்காரர். மற்ற மேசைக்காரர்கள் தங்கள் தங்கக் காசுகளைத் தனியே விட்டுவிட்டு வந்து நின்று கேட்டார்கள். கணவர் மேசைக்கு முன்னால் கையை நீட்டி, "நாலு நாலு பேரா வாங்க, ஓவர்லோடு ஆயிடும்!" என்று லிஃப்ட் வாசலில் நிற்கிறவர் மாதிரி கூவினார். நடுவே அக்காவின் காதருகே குனிந்து, "செல்லுதுடி!" என்றார். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. சந்தோஷம்தானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மாலையில் முதல் பரிசை அறிவித்தார்கள். டாக்டர் படிவத்திலிருந்த பெயரைப் படித்தார், அக்கா அசையவில்லை. "நம்பரக்கா!" என்றதும்தான் மேடைக்குப் போனார். கூட்டம் கைதட்டியது. பதக்கத்தைக் காணோம். டாக்டர் மேசைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார், பூங்கொத்துக்கு அடியில் பார்த்தார், தன் வெளிப்பைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். சங்கத் தலைவர் குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தார். அக்கா ஒரு நிமிடம் டாக்டர் போட்டிருந்த கோட்டையே பார்த்தார். இடது பக்கம் ஒரு நூல் அளவுக்குத் தாழ்ந்து தொங்கியது. பக்கத்தில் போய், இரண்டு விரலை நேராக இடது உள்பைக்குள் விட்டார். பதக்கம் வந்தது, கூடவே ஒரு பல்குத்தும் குச்சியும்.

சிரிப்பும் கைதட்டலும் கூரையைப் பிளந்தன. அக்கா அது அடங்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. பதக்கத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார், இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பதிவை அழுத்தி, பல் டாக்டரின் வாய்க்கு நேரே நீட்டினார்.

"சொல்லுங்க சார், இது எங்கேர்ந்து வந்துச்சு?"