தாத்தா சொத்தில் ஒரு சதுரம்

"எங்க ஊட்டு ஆம்பளைங்களுக்கு நெஞ்சு இரும்பு. உயுந்து சாவோமே தவிர நோவு வந்து சாவ மாட்டோம்."

சேக்காட்டில் சாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடும் உலகநாதன் இதை முழங்கியது, மாரடைப்பு வந்து படுத்திருந்த பெரியப்பா மகன் கிருபாகரனின் கட்டிலருகே நின்று. நோயாளியைத் தேற்றுவதில் அவருக்கென்று ஒரு பாணி உண்டு. ஆதாரமும் வைத்திருந்தார்: அவருடைய அப்பா வண்டியிலிருந்து விழுந்துதான் இறந்தார். ஊரே அறியும்.

தாத்தா நிலத்தைப் பங்கு பிரித்தபோது கிருபாகரனுக்கு ரோட்டோரம் போனது, இவருக்கு உள்பக்கம். அன்றிலிருந்து கிருபாகரன் வீட்டு மாமரம் காய்த்தால் இவருக்குப் பல் கூசும். ஆனாலும் ஸ்டென்ட் வைத்துத் திரும்பியவனைப் பார்த்து வயிறெரிய உலகநாதன் ஒருவரால்தான் முடியும்.

காரணம், சுகாதார நிலைய நர்ஸ் கோமளா. கிருபாகரனின் அப்பாவும் சின்ன வயதில் மாரடைப்பில் போனவர். ரத்தத்தில் கொழுப்பு ஏறுவது பரம்பரையாக இருக்கலாம், மரபணுவைச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோமளா வீட்டுக்கே வந்து வம்சத்தை வரைந்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்மேல் ஒரு கோடு. ஜீப்பில் வந்து ரத்தம் எடுத்துப்போனார்கள். துணி காயப்போடும் சாக்கில் உலகநாதன் மாடியிலிருந்து அத்தனையும் பார்த்தார். தன் வீட்டில் அதுவரை துணியைத் தொட்டவரில்லை அவர்.

அவர் பார்க்க மறுத்தது ஒன்றுதான். மகன் இளங்கோ கொஞ்ச நாளாக ரயில்வே மேம்பாலப் படி ஏறினால் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றான். மனைவி சித்ரா சொன்னபோதெல்லாம் வெறும் வாயு, கேஸ் என்று தீர்ப்பளித்தார்.

கிருபாகரனின் சோதனை முடிவு வந்தது. மரபணுவில் கோளாறு இருக்கிறது, அநேகமாகத் தாத்தா வழியில் வந்தது, பிள்ளைகளுக்கும் இலவசமாகச் சோதிப்பார்கள். சேதி கேட்ட உலகநாதன் கொதித்தார். தாத்தா சொத்தை மறுபடியும் தனக்குச் சொல்லாமல் பிரித்துவிட்டார்கள். சாட்சிக்கு இளங்கோவை இழுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனார்.

"தாத்தா எனக்கும் தாத்தாதாம்மா. அவனுக்கு மட்டும் டெஸ்ட்டுன்னா இன்னா நாயம்?"

உங்களையும் சேர்க்கச் சொல்லி முதலில் கேட்டதே கிருபாகரன்தான் என்றாள் கோமளா. எங்கள் வீட்டில் நெஞ்சுநோவே கிடையாது என்று சொல்லியனுப்பியது நீங்கள்தானே என்றும் கேட்டாள். பிறகு தாளை விரித்தாள். தாத்தாவுக்குக் கீழே இரண்டு சதுரங்கள். பெரியப்பா பக்கம் கிளை கிளையாய்ப் படர்ந்திருந்தது. இந்தப் பக்கம் உலகநாதனின் அப்பாவுக்கு ஒற்றைச் சதுரம், 'விபத்து' என்ற ஒரே சொல்.

கோளாறு உள்ள அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரச் சரிபாதி வாய்ப்பு உண்டு, முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரையில் காப்பாற்றலாம் என்று விளக்கிவிட்டு, "உங்கப்பா எப்படி இறந்தாரு, அண்ணே?" என்றாள்.

உலகநாதன் இளங்கோவைப் பார்த்தார். அவன் வாசல் படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்காமல் நெஞ்சில் கைவைத்திருந்தான்.

"அவரு உயுந்து சாவலம்மா," என்றார், பக்கத்து பெஞ்சுக்குக் கேட்காத குரலில். "வண்டிய ஓரங்கட்டி, ஸ்டாண்டு போட்டாரு. நெஞ்சப் புட்சிகினு குந்தினாரு. அப்பறந்தான் சாஞ்சாரு. நான் பின்னாடி சீட்ல இருந்தேன்."

கோமளா 'விபத்து' என்பதை அடித்தாள். உலகநாதன் மகனின் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டார்.