ஒரு பிஸ்கட்டுக்கு ஒன்பது மடக்கு

என் ஓரகத்தி ஒருநாள் போட்ட சத்தத்தில் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் நாலு மாடிக் கண்ணாடியும் நொறுங்கி விழுந்தது. சரி, கண்ணாடி எதுவும் விழவில்லை. ஒரு டாக்டரின் முகம் சுண்டிப்போனது, அவ்வளவுதான். அந்த ஆளுக்கு அது போதாது.

அவள் ஆய்வுப் பிரிவு நர்ஸ். உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய் வந்து அறுவை முடிந்தவர்களுக்குப் புது முறையில் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள். அபூர்வமான நோய்; ஆறு வருஷத்தில் அறுபது பேர்தான் சேர்ந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களை உட்காரவைத்துப் படிவம் நிரப்புவது இவள் வேலை. கட்டி திரும்பியதா, முக நரம்பு வேலை செய்து கண்ணை மூட முடிகிறதா என்று வரிசையாகக் கேள்விகள். சாப்பாட்டுக்கு இரண்டே கட்டம்: 'முடிகிறது', 'முடியவில்லை'.

"கேட்டா எல்லாரும் முடியுதும்மான்னுதான் சொல்றாங்க. டாக்டர் மனசு நோகக் கூடாதாம்" என்பாள்.

அதனால் அவளாக ஒரு வழி செய்தாள். ஆளுக்கு ஒரு உப்பு பிஸ்கட், ஒரு டம்ளர் தண்ணீர். எத்தனை மடக்கில் பிஸ்கட் உள்ளே இறங்குகிறது என்று எண்ணுவாள். நமக்கெல்லாம் ஒரு மடக்கும் வேண்டாம். எச்சில் என்று முகம் சுளிக்கிறோமே, கதிர் பட்டு அது வற்றினால்தான் அதன் அருமை தெரியும். கட்டத்துக்கு வெளியே பேனா படக்கூடாது என்பது விதி. ஆகவே எண்ணிக்கையை ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்தாள்.

அவர்களில் ஒருவர் தச்சர். முதலில் நாலு மடக்கு, பிறகு ஏழு, பிறகு ஒன்பது. பதினோரு கிலோ இறங்கிவிட்டார். "நான் எங்கேம்மா உளியைப் பிடிக்கிறேன், உளிதான் என்னைப் பிடிச்சு நிறுத்துது" என்று சிரிப்பார்.

அறிக்கை எழுதும் நேரத்தில் பழைய படிவங்களைப் புரட்டினாள். ஓரமெல்லாம் ரப்பர் தேய்த்து வெளுத்திருந்தது. கட்டோடு தூக்கிக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்குப் போனாள்.

"யாரு சார் அழிச்சது?"

"நான்தான் அழிக்கச் சொன்னேன். கண்டபடி கிறுக்க இது என்ன ஸ்கூல் நோட்டா?"

"தச்சர் பதினோரு கிலோ இறங்கியிருக்காரு."

"கேன்சர்னா எடை இறங்கத்தான் செய்யும். 'முடிகிறது'ல டிக் போட்டதே நீதானே?"

அதுதான் சுட்டது. டிக் அவள் கை போட்டதுதான்.

"ஆமா, போட்டேன். கட்டி திரும்பலைன்னு எழுதினது நீங்க. இல்லாத நோய் எப்படி சார் ஆளைத் தின்னும்? எல்லாரும் நல்லா சாப்பிடறாங்கன்னு இது வெளியில போனா, நாளைக்கு வர்றவங்களுக்கும் இதே கதிர்தான். இன்னும் எத்தனை பேர் வாயைக் காயப்போடப் போறீங்க?"

ஒரு பிஸ்கட்டையும் கொஞ்சம் பஞ்சையும் அவர் மேசையில் வைத்தாள். "பஞ்சை வாயில அடைச்சுக்கிட்டு இதைத் தின்னு காட்டுங்க. அப்புறம் நான் அறிக்கையில கையெழுத்துப் போடறேன்."

அவர் பஞ்சைத் தொடவில்லை. மறுவாரமே படிவத்தில் மடக்குக்கென்று ஒரு புதுக் கட்டம் வந்தது.

இந்த வரியை எழுதும்போது, பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மறுவாரம் இல்லக்கா, எட்டு மாசம். நான் கையெழுத்துப் போடலை, வேற ஆளை வெச்சுப் போட்டு அனுப்பிட்டாங்க. அறிக்கை போன பிறகுதான் கட்டமே வந்துச்சு. தச்சர் இன்னைக்கும் அந்த அறிக்கையில 'முடிகிறது'லதான் இருக்காரு. அதை எழுதுங்க."