குரோஷாத் துணி மேல் காரட்

அறுபதுகளின் தொடக்கத்தில் கோடைக்கானல் பஜாரில் காய்கறிக் கடை வைத்திருந்தேன். கோடையில் நடக்கும் காய்கறிக் கண்காட்சி எனக்கு ஆகவே ஆகாது. முதல் பரிசு எப்போதும் பங்களாத் துரைசானிகளுக்கே போகும். ஒவ்வொரு தட்டின் முன்னாலும் பெயர்ச்சீட்டு இருக்கும். நடுவர்கள் காயைப் பார்க்குமுன் சீட்டைப் பார்ப்பார்கள். சீட்டை எடுங்கள் என்று கமிட்டிக்காரர்களிடம் போய்க் கத்தினேன். தொல்லை தாங்காமல் சீட்டுகளை எடுத்துவிட்டு, காரட்டுக்கு என்னையே நடுவராகப் போட்டார்கள்.

அந்த முறை காரட்டில் முதலாவதாக வருகிறவரிடம் ஒரு பள்ளி விடுதி வருஷம் முழுக்கக் காரட் வாங்கும் என்று சொல்லியிருந்தார்கள். வில்பட்டியில் காரட் போட்டிருந்த என் நாத்தனாருக்கு ராப்பகலாக அதே நினைப்பு. கிடைத்தால், மூட்டையை பஸ்ஸில் ஏற்றிப்போய் வத்தலக்குண்டுத் தரகரிடம் கெஞ்ச வேண்டாம். அவளும் தட்டு வைத்திருந்தாள். எது என்று என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் தட்டோடு தூக்கி வெளியே வைத்துவிடுவேன் என்று தெரியும்.

ஒரு தட்டில் கழுவித் துடைத்த காரட், எல்லாம் ஒரே நீளம், அடியில் குரோஷா பின்னிய வெள்ளைத் துணி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீட்டைப் பிடுங்கினால் துணியை விரிக்கிறாயா துரைசானி என்று மனதுக்குள் வைதேன். ஒன்றை ஒடித்துத் தின்றேன். இனிப்பு. உரத்தைக் கொட்டி வளர்த்த இனிப்பு என்று அதையும் குறையாக்கினேன். பக்கத்துத் தட்டில் பழைய செய்தித்தாள் மேல் மண் ஒட்டிய காரட். நார் நாராக இருந்தது. பாவம், நம் சனம், கழுவக்கூட நேரமில்லாமல் ஓடிவந்திருக்கிறது என்று நெஞ்சு இளகி, அதற்கே முதல் பரிசு கொடுத்தேன். நியாயத்தை நிலைநாட்டிவிட்ட பெருமை எனக்கு.

பரிசு வாங்க வந்தது துரைசானி. தோட்டக்காரர் வராததால் தானே பிடுங்கி அப்படியே கொண்டுவந்தாளாம். குரோஷாத் துணி என் நாத்தனாருடையது. பங்களாவில் வேலை பார்த்த நாளில் கற்றுக்கொண்டு பின்னியிருக்கிறாள்.

அவள் அழவில்லை. துணியை உதறி மடித்தாள்.

"மதினி, காரட்டப் பாத்தீங்களா, துணியப் பாத்தீங்களா?"

"ஏ புள்ள, மண்ணோட கொண்டாந்தா என்ன?" என்று அவள் மேலேயே பாய்ந்தேன்.

"கழுவுனா நம்ம ஆளு இல்லையாக்கும்."

பஜாரில் அதை வெகுநாள் பேசினார்கள்.

விடுதிச் சமையற்காரரிடம் போய், தப்பு என்னுடையது, காரட்டை என் நாத்தனாரிடம் வாங்குங்கள் என்று சண்டை போட்டேன். அவர் அசையவில்லை. அந்த வருஷம் விடுதிப் பிள்ளைகள் நார்க் காரட்டை மென்றார்கள். நாத்தனாரின் மூட்டை வத்தலக்குண்டுக்கே போனது.

அடுத்த கண்காட்சியில் துணி, தாள் எல்லாவற்றையும் உருவச் சொன்னேன். வெறும் காரட்டுதான் இருந்தது. அப்போதும் என் புத்தி, இது கூக்கால் ஊர்க்காரன் அவசரத்தில் பிடுங்கியது, இது பூம்பாறைத் தோட்டத்தில் விளைந்தது என்று கதை கட்ட ஆரம்பித்தது. எனக்கே எரிச்சல் வந்தது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என் இடத்தில் உட்கார்ந்தவர் நாத்தனாருக்கு முதல் பரிசு கொடுத்தார். விடுதிக் கொள்முதலும் கிடைத்தது.

அதற்கு அவள் வீட்டில் விருந்து. எல்லோருக்கும் தட்டு வைத்தாள். என் தட்டுக்கு அடியில் மட்டும் அந்தக் குரோஷாத் துணி.

"சாப்பிடுங்க மதினி. யாரு சமைச்சதுன்னு மட்டும் கேக்காதீங்க."