ஒரு வயலுக்கு இரண்டு பெயர்: நான் டேட்டாபேஸ் மாற்றிய கதை

பெருமதிப்பிற்குரிய நட்புகளுக்குப் பணிவான வணக்கம். மூன்று வாரங்களாக இப்பக்கம் வாராதிருந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

காரணம், அறுவடை!

(நான் அரிவாள் எடுக்கவில்லை. லேப்டாப்தான்.)

சேரன்மகாதேவியில் நெல் அறுக்கும் இயந்திரங்களை வாடகைக்கு விடும் அண்ணாச்சி ஒருவருக்கு முன்பதிவுச் செயலி செய்து கொடுத்திருக்கிறேன். கல்லூரி வாசலை மிதிக்காமல், தச்சநல்லூர் வீட்டில் கைப்பேசியில் பாடம் பார்த்தே கற்ற எனக்கு இது முதல் வேலை. பெருமையுடன்தான் சொல்கிறேன்!

தரவுத்தளத்துக்கு, எல்லாப் பதிவும் ஒரே வடிவில் இருக்க வேண்டாத நோ-எஸ்க்யூஎல் வகையைத் தேர்ந்தேன். ஏனெனில் இங்கு எவரும் வயலுக்கு ஒரே மாதிரி அடையாளம் சொல்வதில்லை. ஒருவர் மடையைச் சொல்வார், ஒருவர் வேப்பமரத்தைச் சொல்வார், ஒருவர் "வந்துட்டு போன் போடுங்க" என்பதோடு முடித்துக்கொள்வார். அவரவர் சொன்னபடியே ஒவ்வொரு பதிவையும் தனி ஆவணமாக வைத்துவிடலாம் அல்லவா?

நேற்றுக் காலை இயந்திர ஓட்டுநர் முருகன் அழைத்தார்.

"யக்கா, ரெண்டாம் மடை வயலுக்கு வழி கேட்டு வந்து நிக்கேன். இங்கன வைக்கல்தான் கெடக்கு. நெல்லு எங்க?"

"வேறு வயலாக இருக்கும், நன்றாகப் பாருங்கள் தம்பி."

"நாலு நாளைக்கு முன்னால நாந்தான்க்கா இத அறுத்தேன்!"

விசாரித்தேன். நிலத்துக்காரர் "பெரிய வயல்" என்று பதிந்திருக்கிறார். அது தெரியாமல், குத்தகைக்குப் பயிரிடுபவரும் அதையே "ரெண்டாம் மடை வயல்" என்று பதிந்திருக்கிறார். செயலி இருவருக்கும் மரியாதையாகத் தனித்தனி முறை ஒதுக்கிவிட்டது!

அண்ணாச்சி கொதித்துவிட்டார்.

"ஏம்மா, நோட்டுல எழுதிருந்தா ரெண்டும் ஒண்ணுதான்னு பாத்த ஒடனே சொல்லிருப்பேன். மேகம் கூடிட்டு வருது. அங்கன ஒரு அம்மா கதிரு சாஞ்சிரும்னு காத்துக் கெடக்கா. நான் நோட்டுக்கே போயிருதேன்."

"அண்ணாச்சி, அருள்கூர்ந்து ஒரே ஒரு நாள் அவகாசம் அளியுங்கள்."

"மொதல்ல நீ சாதாரணமாப் பேசு. கோர்ட்டுல நிக்க மாதிரி இருக்கு!"

(அவகாசம் கிடைத்தது. முருகன் நேரே அந்த அம்மாவின் வயலுக்குப் போய், மழைக்கு முன் அறுத்தும் முடித்தார்.)

அமர்ந்து யோசித்தேன். பிழை ஆவண முறையுடையது அன்று. பெயர் எத்தனை மாறினாலும் வயல் ஒன்றே என்பதைக் கவனியாத என்னுடையது.

ஆதலின், அட்டவணைகளை எண்ணால் ஒன்றோடொன்று இணைக்கும் ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு மாறினேன். வயல்களுக்கு ஓர் அட்டவணை. ஒவ்வொரு வயலுக்கும் ஒரே எண். பெயர்களுக்கு வேறோர் அட்டவணை. எத்தனை பெயர் வேண்டுமானாலும் அந்த எண்ணோடு சேரலாம். வயல் எண் இல்லாமல் முன்பதிவு இல்லை. ஒரு போகத்துக்கு ஒரு வயலுக்கு ஒரே முறை.

இன்று மாலை அண்ணாச்சி முன்னிலையில் அதே வயலை இரு பெயர்களிலும் பதிந்து காட்டினேன். இரண்டாவதைச் செயலி ஏற்க மறுத்தது!

அண்ணாச்சி முகத்தில் சிரிப்பு. ஆனால் நிபந்தனையும் வந்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நீயே செஞ்சு நீயே சரின்னு சொன்னா எப்படி? வெவரம் தெரிஞ்ச வேற ஆளு ஒருத்தரு பாத்துச் சொல்லட்டும். காலைல வண்டி கெளம்புததுக்குள்ள சொல்லிட்டா, நோட்டத் தூக்கி உள்ள வச்சிருதேன்."

எனக்குத் தெரிந்த வட்டாரத்தில் இதில் விவரம் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்! (இதற்குப் பெருமைப்படுவதா, வருந்துவதா?)

அட்டவணை அமைப்பின் படத்தைக் கீழே இணைத்துள்ளேன். குறை கண்டால் தயங்காமல் சொல்லுங்கள். வண்டி நாளைக் காலை ஆறு மணிக்குக் கிளம்பும்.

விரைவாகப் பதில் தாருங்கள்.