நிமலனுக்கு ஒரு நாள்

பத்து மணி டீ வந்தால் ராஜா மட்டும் பால் சேர்க்காத டீ கேட்பான். சர்க்கரையைத் தனியாக வாங்கி இடது உள்ளங்கையில் கொட்டிக்கொள்வான். ஒரு நக்கு, ஒரு மிடறு. மூன்று வருஷமாக இதே வழக்கம்.

"ஏண்ணே, சீனிய டீயில போட்டா அதுக்கு வலிக்குமாக்கும்?" என்பாள் கூட வேலை பார்க்கும் பாண்டியம்மாள்.

"எங்க பரமக்குடிப் பக்கம் இப்பிடித்தான்."

முதலிபாளையத்தில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் எல்லாரும் அதை நம்பினார்கள், புஷ்பத்தைத் தவிர. அவள் மன்னார்க்காரி. 2006இல் படகேறி வந்து அகதி முகாமில் பதிந்துகொண்டவள். பனியனில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தவள், அவன் உள்ளங்கைச் சீனியைப் பார்த்ததும் தன் நாட்டுக்காரன் என்று கண்டுகொண்டாள்.

"தம்பி, நீர் எவடம்?" என்று தனியாகக் கேட்டாள்.

அவன் உண்மைப் பெயர் சிவராசா. புலிகள் இயக்கத்தில் இருந்தவன். காலில் துப்பாக்கிச் சன்னம் பாய்ந்த பிறகு தப்பி வந்து, முகாமில் பதியாமல் திரிந்தான். தெரிந்தால் போலீஸ் பிடிக்கும்.

புஷ்பத்துக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அவள் மகனையும் இயக்கம்தான் கூட்டிப் போயிருந்தது. அடம்பன் ஊர் நிமலனைத் தெரியுமா?

"தெரியும் அக்கா. எங்கட அணிதான். சுகமா இருக்கிறான்."

அன்றிலிருந்து அவள் தூக்குவாளியில் அவனுக்கும் சோறு வந்தது. அவன் யாரென்று அவள் மூச்சு விடவில்லை. வெள்ளி தவறாமல் மகன் பேருக்கு அர்ச்சனை செய்தாள்.

2009 வைகாசியில் சண்டை முடிந்தது. ஊர் திரும்ப முகாமில் எழுதிக் கொடுத்த புஷ்பம், கழித்துப் போட்ட பனியன்களில் நல்லதாக ஒன்றை எடுத்து வந்தாள்.

"நிமலன் இப்ப உம்மட உயரம் வந்திருப்பான். போட்டுக் காட்டும்."

அவன் போட்டுக்கொண்டான். பிறகு தலை நிமிரவில்லை.

"போகாதேங்கோ அக்கா. அங்க ஒருத்தரும் இல்லை."

"விசர்க்கதை கதையாதையும். தேடினால் கிடைப்பான்."

"நான் இஞ்ச வர முன்னமே முடிஞ்சுட்டான். நான்தான் கிடங்கு வெட்டிப் புதைச்சனான்."

"அப்ப இவ்வளவு காலமும்?"

"சொன்னா என்னைக் காட்டிக் குடுத்திடுவீங்களெண்டு பயந்தனான்."

செத்தவனுக்கு மூன்று வருஷம் ஆயுள் கேட்டிருக்கிறாள். புஷ்பம் செருப்பைக் கழற்றினாள். அடி விழ விழ வாயும் திறந்துகொண்டது. "பரமக்குடியாம்! இயக்கக்காரன்! பொய்க்காரன்!" மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

காண்ட்ராக்டர் ஞானசம்பந்தம் ஓடி வந்தார். "ஏனுங்கம்மிணி, இவன் அந்த ஆளுங்களா?" கேட்கும்போதே செல்போன் காதில் இருந்தது. பேசி முடித்து அவனிடம் திரும்பினார். "எனக்கும் கொழந்த குட்டி இருக்குதுங்க கண்ணு. தப்பா நெனச்சுக்காதீங்க." மரியாதையாகச் சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கினார்.

அவனைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றும்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்தாள்.

"எந்த நாள்? திதி குடுக்க வேணும். நாளைச் சொல்லும்!"

அவனுக்குக் கேட்டது. முகத்தில் செருப்பின் தடம் சிவந்திருந்தது. அவளையே பார்த்தான். சொல்லவில்லை.

அவனை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று முகாமில் யாருக்கும் தெரியவில்லை. நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கொடுக்கலாம் என்றார் ஐயர். என் பிள்ளை கேட்பாரற்றுச் சாகவில்லை, பக்கத்தில் ஒருவன் இருந்தான் என்று புஷ்பம் மறுத்துவிட்டாள். அந்த ஒரு நாளைச் சிவராசா அவளுக்கு இன்னும் தர வேண்டியிருக்கிறது.