புகையாமல் எரித்த உமையாள் ஆச்சி

தேவகோட்டையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பலகார டின்களை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பள்ளத்தூர் உமையாள் ஆச்சி போய்விட்டார். காலையில் குளித்துவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், அவ்வளவுதான். டின்களை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தால் ஆச்சியே எழுந்து உட்கார்ந்து திட்டியிருப்பார்.

துக்க வீட்டில் அவருடைய மகன் அண்ணாமலை அழுதுகொண்டே சொன்னார்: "அம்மாவ அந்த வெறகடுப்புதான் கொன்னுருச்சு. கருமாதி முடிஞ்சதும் இடிச்சிரணும்." அந்த அடுப்பை நம்பி நாங்கள் நாலு பெண்கள் பிழைக்கிறோம். அது ஒருபுறம் இருக்கட்டும். ஆச்சியைப் பற்றி இப்படி ஒரு பேச்சு ஊரில் நிலைக்க நான் விடமாட்டேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கணவர் இறந்த பிறகு, வீட்டின் பின்கட்டில் ஆச்சி பலகாரத் தொழில் தொடங்கினார். முதல் ஆளாகச் சேர்ந்தவள் நான். அப்போதெல்லாம் அடுப்பு வாய் கொள்ளாமல் விறகைத் திணிப்போம். தீயைவிடப் புகைதான் அதிகம். ஆச்சிக்கு இளைப்பு வந்தது. புகையில்லாமல் செய்ய முடியாவிட்டால் தொழிலை விட்டுவிடுங்கள் என்று காரைக்குடி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் பெரிய சட்டிகளுக்குக் கேஸ் கட்டுப்படியாகாது. திரும்பும்போது பஸ்ஸில் மூச்சு வாங்கிக்கொண்டே ஆச்சி சொன்னார்: "தொழில விட மாட்டேன் செல்வி. பொகையத்தான் தொரத்தணும்."

முதலில் விறகு நன்றாகக் காய வேண்டும் என்று முடிவு செய்தார். வாங்கிய சீமைக்கருவேல விறகையெல்லாம் பித்தளைச் சாமான்கள் இருக்கும் அறையில் அடுக்கி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். எதையும் பூட்டி வைத்தால்தான் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர்களுக்குத் தூக்கம் வரும். மழைக்காலம் முடிந்து திறந்தால் விறகெல்லாம் பூஞ்சை. சன்னல் இல்லாத அறையில் எது காயும்? நான் சிரித்த சிரிப்பில் ஆச்சிக்குக் கோபம் வந்து, பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

மறுநாளே விறகைக் கொல்லைக்கு மாற்றினோம். மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, காற்று புக இடைவெளி விட்டு அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டோம். பக்கங்களை மூடவில்லை. பங்காளிகள் வந்து, "இம்புட்டுப் பெரிய வீட்டுல வெறக வெளிய காட்டி வச்சிருக்கீக" என்று முகம் சுளித்தார்கள். ஆச்சி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அடுப்பையும் மாற்றிக் கட்டினார். விறகுக்கு அடியில் கம்பிச் சட்டம், அதன் கீழே காற்று வர வழி, உயரமான புகைபோக்கி. விறகைக் கொஞ்சங்கொஞ்சமாகத்தான் வைக்கவேண்டும். தீ சுடராகவே நிற்கவேண்டும். சோம்பல்பட்டு நான் தடிக்கட்டையைச் செருகினால் கொல்லையிலிருந்தே குரல் வரும்: "மேல பாரு செல்வி. பொகையாப் போறதெல்லாம் நம்ம வெறகுதான்."

விறகுச் செலவு பாதியானது. இளைப்பும் போன இடம் தெரியவில்லை. சமீபத்தில்கூட டாக்டர் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்றார். ஆச்சியைக் கொண்டுபோனது மாரடைப்பு. அடுப்பு இல்லை.

இதையெல்லாம் மகனிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. பாவம், தாயை இழந்தவர், எதன் மீதாவது கோபப்பட வேண்டாமா? கருமாதி கழிந்த மறுநாள் காலையிலேயே நாங்கள் வந்து அடுப்பைப் பற்றவைத்தோம். சற்று நேரத்தில் அவர் கொத்தனாரோடு வந்து, கொல்லையில் நின்று புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டு, வாசற்படிக்கு வந்த என்னிடம் கேட்டார்:

"நல்லவேளை, இன்னும் பத்த வைக்கல. ஆரம்பிச்சிரலாமா அக்கா?"

"உள்ள வந்து பாருங்க தம்பி."

உள்ளே சட்டியில் தேன்குழல் பொரிந்துகொண்டிருந்தது. அடியில் தீ மஞ்சளாக, நிமிர்ந்து எரிந்தது. அண்ணாமலை மறுபடியும் வெளியே போய் மேலே பார்த்தார். புகைபோக்கியில் புகையையே காணோம். திரும்பி வந்து படியில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். கொத்தனாருக்குக் காப்பி கொடுத்து நான்தான் அனுப்பிவைத்தேன்.

போய் வாருங்கள் ஆச்சி. அடுப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.